பிளக்ஸ், பிளாட்டர், மல்டிகலர், துணி: மாநாட்டுக்குப் போகும் பள்ளி மாணவருக்கு எந்த அச்சு?

தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் ஒரு பிளக்ஸ் கடை வந்துவிடும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் ஆய்வுச் சுருக்கம் ஒரு அறிவியல் மாநாட்டில் ஏற்கப்பட்டு, போஸ்டராக வைக்கச் சொல்லி மெயில் வந்துவிட்டால் வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் கால் தானாக அந்தக் கடைக்குத்தான் போகும். கடை மேல் குற்றமில்லை. அந்த மெஷின் வேறு வேலைக்கு வாங்கியது. பைக்கில் போகிறவர் இருபதடி தள்ளி இருந்து மாப்பிள்ளை பெயரையும் மண்டபத்தையும் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாநாட்டில் போஸ்டர் முன் வந்து நிற்பவர் நாலடிக்குள் நிற்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரைபடத்தின் ஓரத்தில் அலகு எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பள்ளிப் பிள்ளை என்பதற்காக அவர் தள்ளி நின்று படிக்கப் போவதில்லை.

டெல்டா ஊர்களில் கைக்கு எட்டும் நான்கு வழிகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். பிளக்ஸ், ஜெராக்ஸ் கடை பிளாட்டர் (வீட்டு பிளான் அடிக்கும் அகலமான பிரின்ட்டர்), கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மல்டிகலர் கடை, துணி அச்சு. கடைப் பெயர் எதுவும் தரவில்லை. ஒரே கடையில் ஆபரேட்டர் மாறினால் அச்சே மாறிவிடுகிறது. பெயரை நம்பிப் போவதைவிட எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டு போவது மேல்.

பேச்சுக்கு ஒரு போஸ்டரைக் கையில் வைத்துக்கொள்வோம். சம்பா வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் எத்தனை பாசனம் மிச்சமாகிறது என்று ஒரு மாணவி அளந்திருக்கிறாள். துளை போட்ட 30 செ.மீ. குழாயைப் பாதிக்கு மண்ணில் புதைத்து, உள்ளே தெரியும் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் தண்ணீர் பாய்ச்சும் முறை அது. போஸ்டரின் உயிர் ஒரே ஒரு வரைபடம்: நாட்கள் குறுக்கே, நீர்மட்டம் நெடுக்கே, 15 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளிக்கோடு. அந்தப் புள்ளிக்கோடு தெரிகிறதா இல்லையா என்பதுதான் நமது அளவுகோல்.

முதலில் அளவு. மாநாட்டு அறிவிப்பில் செ.மீட்டரிலோ 'ஏ0', 'ஏ1' என்றோ கொடுத்திருப்பார்கள். கடையில் எல்லாம் அடிக் கணக்கு. பாதிச் சிக்கல் இங்கேயே பிறக்கிறது. ஏ0 என்றால் 84.1 × 118.9 செ.மீ., அதாவது அடியில் 2.76 × 3.9. கடைக்காரர் அதை "மூணுக்கு நாலு" என்று எழுதிக்கொண்டு 12 சதுர அடிக்குப் பில் போடுவார். பில்லில் தப்பில்லை, ரோல் அப்படித்தான் வருகிறது. ஆனால் உங்கள் ஏ0 பைலையும் மூணுக்கு நாலாக இழுத்து நிரப்பிவிடுவார். உயரத்தைவிட அகலம் ஆறு சதவீதம் கூடுதலாக இழுபடும். வட்ட வரைபடம் முட்டையாகும், முகங்கள் உப்பும். "இழுக்க வேண்டாம், ஓரத்தில் வெள்ளை விட்டு வெட்டிக் கொடுங்கள்" என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ஆர்டர் சீட்டிலும் எழுத வைக்க வேண்டும்.

இன்னொன்று, எது அகலம் எது உயரம். மாநாட்டுக்காரர்கள் 90 × 120 என்று எழுதினால் பெரும்பாலும் நின்ற வாக்கில். பேனர் கடையில் படுத்த வாக்குதான் வழக்கம் என்பதால் "நாலுக்கு மூணு" என்று மாற்றிக் குறித்துக்கொள்வார்கள். 90 செ.மீ. அகலப் பலகையில் நாலடி அகல போஸ்டரை ஒட்டினால் பக்கத்து ஆராய்ச்சியாளரின் இடத்தில் ஒரு அடி ஏறி நிற்கும். அம்புக்குறி போட்டு மேல் பக்கம் எது என்று ஒரு சின்னப் படம் வரைந்து கொடுத்துவிடுங்கள். மூன்றடி என்பது 91.4 செ.மீ., நாலடி 121.9 செ.மீ. என்பதும் நினைவில் இருக்கட்டும். 90 × 120 பலகைக்குச் சட்டம் அடித்திருந்தால் அந்த ஒன்றரை, இரண்டு செ.மீ. மடிந்து நிற்கும்.

பிளக்ஸ்

நான்கில் விலை குறைவு இதற்குத்தான், சதுர அடிக் கணக்கு. நனையாது, கிழியாது, பஸ்ஸில் யார் மிதித்தாலும் துடைத்துக்கொள்ளலாம். மாநாடு முடிந்ததும் நெல் காயப்போட, மாட்டுக் கொட்டகை மேல் போட என்று பிறகும் உழைக்கும்; வேறெந்த அச்சுக்கும் அந்த மறுபிறவி இல்லை.

அச்சு மட்டும் நாலடி தூரத்துக்குத் தாங்காது. பேனர் வேலையில் வேகம்தான் காசு என்பதால் மெஷினைக் குறைந்த பாஸில் ஓட்டுவார்கள். அச்சுத் தலை ஒரே இடத்தைக் கடக்கும் தடவைகள் குறையக் குறையப் புள்ளிகள் பெருத்து எழுத்தின் ஓரம் கரையும். 18 பாயின்ட் எழுத்தை நாலடியில் படிக்கலாம், ஆனால் கண் வலிக்கும். நம் மாணவியின் புள்ளிக்கோட்டை அரை பாயின்ட்டில் போட்டிருந்தால் பிளக்ஸில் அது கோடாகவும் இருக்காது, புள்ளியாகவும் இருக்காது, அழுக்கு மாதிரி ஒரு தடம் விழும். கோடுகள் எல்லாம் குறைந்தது ஒன்றரை பாயின்ட், புள்ளிக்கோடு என்றால் இரண்டு. அதைவிட மெல்லியது எதுவும் இந்த மெஷினுக்கு ஆகாது.

கறுப்பு எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பைலில் கறுப்பு நாலு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் ஒவ்வொரு மையும் முடியளவு விலகி விழும். எழுத்தைச் சுற்றி ஊதாவும் சிவப்புமாக நிழல் தட்டும். "எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்" என்று ஆபரேட்டரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். கட்டாயம் பிளக்ஸ்தான் என்றால் சாதா ரகம் வேண்டாம், ஸ்டார் பிளக்ஸ் கேளுங்கள். பாஸைக் கூட்டி ஓட்டச் சொல்லுங்கள். நேரம் கூடும், கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுத்துவிடலாம். ரிங் அடிக்க வேண்டாம், ஓரம் மடித்து ஒட்ட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் நாலு மூலையிலும் ரிங் விழுந்திருக்கும்.

அச்சாகி வந்தவுடன் சுருட்டிவிடக் கூடாது. சால்வென்ட் மை காய நேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் இன்னும் தாமதமாகும். சூட்டோடு சுருட்டினால் முன்பக்க மை பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ராத்திரி விரித்துப் போட்டால் மையின் வாடையும் பாதி போய்விடும். மூடிய ஏசி ஹாலில் அந்த வாடையோடு இரண்டு மணி நேரம் பக்கத்தில் நிற்கப்போவது பிள்ளைதான்.

பளபளப்பு தனிக் குறை. மேலே இருக்கும் குழல்விளக்கு போஸ்டரின் மேல் பாதியில் வெள்ளைப் பட்டையாகப் பிரதிபலிக்கும். அங்கேதான் தலைப்பு இருக்கும்.

பிறகு டிசைனர். அவருடைய கை நல்ல கை. கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் பழகிய கை. பைலைத் திறந்ததும் மாணவியின் படத்தை வட்டத்துக்குள் வெட்டி வைக்கத் தோன்றும், தலைப்புக்குத் தங்க நிறமும் நிழலும் கொடுக்கத் தோன்றும், கீழே "வாழ்த்தும் அன்பு நெஞ்சங்கள்" என்று ஒரு பட்டை போடலாமா என்று கேட்பார். கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் கோபுரச் சின்னத்தை எடுத்து ஓரத்தில் வைப்பதும் உண்டு. அரசு முத்திரையை அனுமதியில்லாமல் போடக்கூடாது. அரசுப் பள்ளி மாணவி என்றாலும்தான். பள்ளியின் சொந்தச் சின்னம் இருந்தால் அது போதும். கடிதத் தாளிலிருந்து ஸ்கேன் எடுத்த மங்கல் சின்னம் என்றால் அதையும் விட்டுவிட்டுப் பள்ளிப் பெயரை எழுத்தில் போடுவது கௌரவம்.

மதிப்பு: ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று மழைக்காக.

பிளாட்டர்

எங்கள் முதல் பரிந்துரை இதுதான். சிக்கல் ஒன்றுதான்: எந்த ஜெராக்ஸ் கடையில் பெரிய பிளாட்டர் இருக்கிறது என்று போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஊரில் வீட்டு பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் இன்ஜினியரைக் கேளுங்கள். பெரிய ஷீட்டுகளை எங்கே பிரின்ட் எடுக்கிறார் என்று சொல்வார். பொறியியல் கல்லூரி வாசல்களிலும் விசாரிக்கலாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி ரோல் அகலம். 24 இன்ச் மெஷின் என்றால் 61 செ.மீ.; ஏ1 போகும், ஏ0 போகாது. 36 இன்ச் என்றால் 91.4 செ.மீ.; ஏ0-வும் 90 × 120-ம் போகும். 24 இன்ச் கடையில் ஏ0 கேட்டால் "ரெண்டா அடிச்சு ஒட்டித் தரேன்" என்பார்கள். வேண்டாம். ஒட்டு நடு வரைபடத்தின் மேல்தான் விழும்.

இரண்டாவது, தாள். பிளான் அடிக்கும் சாதா பாண்டு தாள் 80, 90 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம்). ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர் என்பதால் ஜிஎஸ்எம் எவ்வளவோ அத்தனை கிராம்தான் மொத்த போஸ்டரின் எடை. 90 கிராம் தாள் மின்விசிறிக் காற்றுக்கே படபடக்கும். அதில் முழுப் பின்னணியும் கரும்பச்சை, நீலம் என்று கொடுத்தால் தாள் மையைக் குடித்து அலை அலையாக எழும்பி நிற்கும். கோட்டிங் போட்ட மேட் தாள், 120 முதல் 180 ஜிஎஸ்எம் வரை, இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓரிரு நாளில் வரவழைத்துத் தருவார்கள். பாண்டுதான் கிடைக்கும் என்றால் பின்னணியை வெள்ளையாக்கிவிடுங்கள். வெள்ளைப் பின்னணி எப்படியும் நல்லது, படிக்கவும் பணத்துக்கும்.

இந்த மெஷினில் 14 பாயின்ட் எழுத்து கூட முள்ளாக நிற்கும். புள்ளிக்கோடு புள்ளிக்கோடாகவே வரும். கெடுவது எங்கே என்றால் மை பீய்ச்சும் துளையான நாசிலில் வரும் அடைப்பு. நாள் முழுக்கக் கறுப்புக் கோடு மட்டுமே அடிக்கும் மெஷினில் வண்ண நாசில்கள் காய்ந்து கிடக்கும். வண்ணப் பட்டைகளில் மயிரிழை அகலத்துக்கு வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடும். வேலை தொடங்கும் முன் நாசில் செக் ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டுத் தாள்தான் செலவு. கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

மை பலவற்றில் சாய மை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஓடும். நாசில் செக் துண்டின் மேல் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓடினால் மேட் லேமினேஷன் போட்டுவிடுங்கள். பளபள லேமினேஷன் போட்டால் பிளக்ஸின் கண்கூச்சம் இங்கேயும் வந்துவிடும். லேமினேஷனுக்கு முன் மை நன்றாகக் காய வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு உருட்டினால் உள்ளே கொப்புளம் நிற்கும், அதை எடுக்க வழியில்லை.

மதிப்பு: ஐந்துக்கு நாலரை. பாண்டு தாள் என்றால் மூன்று.

மல்டிகலர் ஷீட்

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் பிளாட்டருக்காகத் தஞ்சாவூர் வரை அலைய வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடித்துத் தரும் கடைகளில் 13 × 19 இன்ச் ஆர்ட் தாளில் டிஜிட்டல் மல்டிகலர் கிடைக்கும். தெளிவில் இந்த நான்கில் இதுவே முதலிடம். டோனர் என்பதால் தண்ணீர்த் துளிக்கும் அஞ்சாது.

ஒரே தாளாக இருக்காது என்பதுதான் குறை. அதைக் குறையாகக் காட்டாமல் திட்டமிட வேண்டும். 90 × 120 செ.மீ. பலகைக்குக் கணக்கு இது: ஆறு ஷீட்டுகளை 11½ × 18 இன்ச்சாக நறுக்கி மூன்று பத்தி, இரண்டு வரிசையாக வையுங்கள். மேலே தலைப்புக்கு 17¼ × 8 இன்ச்சில் இரண்டு துண்டுகள். மொத்தம் எட்டு ஷீட். அகலம் 34½ இன்ச், உயரம் 44 இன்ச், அதாவது 87.6 × 111.8 செ.மீ. பலகைக்குள் அடங்கி நாலு பக்கமும் மூச்சு விட இடம் இருக்கும். ஒரு ஷீட்டுக்கு ஒரு பகுதி: கேள்வி, முறை, வயல் படம், வரைபடம், அட்டவணை, முடிவு. எந்தப் படமும் இரண்டு ஷீட்டின் மேல் பாலம் போடக் கூடாது. தலைப்பை மட்டும் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சொல் இடைவெளி விழும்படி உடைத்துக்கொள்ளுங்கள்.

தாள் 170 ஜிஎஸ்எம் போதும். கடைக்காரர் பத்திரிகைப் பழக்கத்தில் 300 எடுப்பார். அந்த அட்டை டபுள் டேப்பில் நிற்காமல் மூலை மூலையாக விடும். எல்லா ஷீட்டையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் எடுக்க வேண்டும். காலையில் நாலு, மாலையில் நாலு என்றால் ஒரு வெள்ளை மஞ்சளடிக்கும், ஒரு பச்சை கறுக்கும். நறுக்குவது கட்டிங் மெஷினில், ஆறு ஷீட்டும் ஒரே அடுக்காக, தலைப்புத் துண்டு இரண்டும் தனி அடுக்காக. கத்தரிக்கோல் பக்கமே போகக்கூடாது.

இதன் பெரிய வசதி பயணத்தில்தான். சுருட்டி வைக்கக் குழாய் வேண்டாம், ஒரு பெரிய டிராயிங் பைலில் வைத்துக் கொண்டுபோகலாம். ஒரு எண் தப்பாகிவிட்டது என்று கிளம்பும் முந்தின நாள் தெரிந்தாலும் ஒரு ஷீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல் முறை போகும் பிள்ளைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

மதிப்பு: ஐந்துக்கு நாலு.

துணி

பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு, அதாவது சூட்டால் மையைத் துணிக்குள் ஏற்றும் முறை. மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். விமானத்தில் போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி, கைப்பெட்டி அளவுக்குள் 84 செ.மீ. குழாய் அடங்காது. டெல்டாவில் கிடைப்பது அரிது. பனியனில் படம் போடும் கடைக்காரர் "நாங்களே அடிப்போம்" என்பார். அவரிடம் இருப்பது தட்டு வைத்து அழுத்தும் மெஷின், பெரிய காலண்டர் அளவைத் தாண்டாது. ஏ0-வுக்கு ரோல் மெஷின் வேண்டும், அதற்குத் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று கூரியரில்தான் வாங்க வேண்டும். கொடித் துணியில் அடித்தால் பின்னால் இருக்கும் பலகையின் நிறமும் கறையும் ஊடுருவித் தெரியும், கனமான துணி கேளுங்கள். ஓரம் நூல் பிரியாமல் சூட்டுக் கத்தியில் வெட்டித் தரச் சொல்லுங்கள். மடிப்புச் சுருக்கத்துக்குப் பின்பக்கம் மட்டும், குறைந்த சூட்டில் இஸ்திரி. கரிப் பெட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். விலை நான்கில் அதிகம். கூரியர் தாமதமானால் கையில் ஒன்றும் இருக்காது என்பதால் நாலு ஏ4 பிரின்ட்டாவது துணைக்கு இருக்கட்டும்.

மதிப்பு: ஐந்துக்கு மூன்றரை.

கடைக்காரர் தலையில் போடக்கூடாதவை

அச்சு கெட்டது என்று வரும் புகார்களில் பாதி பைலில் பிறந்தவை. பவர்பாயின்ட்டில் செய்வதென்றால் ஒரு எழுத்து அடிக்கும் முன்பே ஸ்லைடு அளவை 84.1 × 118.9 என்று வைத்துவிட வேண்டும். சாதா ஸ்லைடில் செய்து கடைசியில் பெரிதாக்கினால் எல்லாம் இடம் மாறும். கணினித் திரையிலிருந்து எடுத்த மேப் ஸ்கிரீன்ஷாட் 1366 புள்ளி அகலம்தான். அதை இரண்டடிக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 57 புள்ளி, வடவாறு எது வெண்ணாறு எது என்று தெரியாது. 150-க்குக் கீழே போகாமல் இருந்தால் நாலடிக்குப் போதும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த வயல் படம் 4000 × 3000, அதே 150 கணக்கில் இரண்டடிக்கு மேலேயே தாங்கும். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி, வந்ததை எடுத்துச் செருகினால் அந்தப் பலம் போயிற்று. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவ். எக்செல் வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் நேரே காப்பி செய்து ஒட்டினால் கோடு கோடாகவே அச்சாகும்.

கடைக்குக் கொடுப்பது பிடிஎஃப் மட்டும். இதில் தமிழ் எழுத்துக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. மாநாட்டு போஸ்டர் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஊர்ப் பெயர், நெல் ரகம், 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நாலு சொல் தமிழில் இருக்கும். ஆபரேட்டர் பைலைப் பழைய கோரல்டிராவிலோ போட்டோஷாப்பிலோ திறந்தால் யூனிகோட் தமிழ் உடையும். 'நெல்' என்பதில் கொம்பு ந-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தனியாக நிற்கும். 'கொள்ளிடம்' மூன்று துண்டாகும். 'மேட்டூர்' என்பதில் டூ பிரிந்து ட ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம். உதவி செய்கிறேன் என்று அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் மறுபடி அடித்துக் கொடுப்பார். அங்கே ன-வும் ண-வும் இடம் மாறுவது ஒரு பக்கம். அதே வரியில் இருந்த ±, டிகிரிக் குறி, ஆங்கில அலகு எல்லாம் அந்த எழுத்துருவில் தமிழ்க் கிறுக்கலாக மாறிவிடுவது இன்னொரு பக்கம். பிடிஎஃப்பைத் திறக்காமல் அப்படியே பிரின்ட்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். திறந்துதான் ஆக வேண்டும் என்றால், எழுத்துகளைக் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கித் திறக்கும் வழி கோரலில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். திரையில் பார்த்ததோடு விடாமல் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் விரல் வைத்துப் படியுங்கள்.

சோதனை ஒன்று, செலவு ஒரு ஏ4 தாள். ஏ0-வை ஏ4-க்குச் சுருக்கினால் சரியாகக் கால் அளவு. 24 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட்டாகத் தெரியும். அந்த ஏ4-ஐக் கையில் பிடித்துப் படிக்க முடிந்தால் மண்டபத்திலும் படிக்கலாம். படிக்க முடியவில்லை என்றால் எழுத்தை மட்டும் பெரிதாக்கி நெருக்காதீர்கள், வாக்கியங்களை வெட்டி அந்த இடத்தில் பெரிதாக்குங்கள். பெரும்பாலான பள்ளி போஸ்டர்களில் நீர் மேலாண்மையின் அவசியம் பற்றி அரைப் பத்தி முன்னுரை இருக்கும். வெட்டுவதற்கு அதுதான் முதல் இடம். அங்கே வருபவர்களுக்கு அது தெரியும். அவர்கள் கேட்கப்போவது எத்தனை பாத்தி, ஒரு பாத்தியில் எத்தனை குழாய், எத்தனை நாளைக்கு ஒரு முறை அளந்தாய், மழை பெய்த நாட்களை என்ன செய்தாய் என்பது. அந்த எண்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வெளிறிய பச்சையும் மஞ்சளும் திரையில் மின்னுகிற மாதிரி தாளில் மின்னாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதால் இரண்டு கோட்டையும் நிறத்தோடு சேர்த்து வடிவத்திலும், ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டு விட்டு என்று, பிரியுங்கள்.

நாள் பார்ப்பது

முகூர்த்த நாளுக்கு முந்தின மூன்று நாள் பிளக்ஸ் கடைப் பக்கம் போகாதீர்கள். மார்கழியில் கல்யாண பேனர் இல்லை, கடை காலி என்று நினைக்கவும் வேண்டாம். புத்தாண்டு வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் வரிசை கட்டும். மல்டிகலர் கடையில் டிசம்பர் முழுக்கக் காலண்டர் வேலை. எந்த நாளானாலும் கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டால் உங்கள் வேலை பின்னால் போகும், அதில் கோபித்துக்கொள்ள இடமில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னதாக அச்சு கைக்கு வந்திருந்தால்தான் ஒரு முறை திருப்பி அடிக்க நேரம் இருக்கும்.

சுருட்டுவதும் ஒட்டுவதும்

தாளோ பிளக்ஸோ, அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். எல்லோரும் படம் அழுக்காகும் என்று உள்ளே வைத்துத்தான் சுருட்டுவார்கள். அப்படிச் சுருட்டினால் பலகையில் ஒட்டியதும் கீழ் ஓரம் பாய் மாதிரி முன்னால் சுருண்டு வரும். வெளியே வைத்துச் சுருட்டினால் ஓரம் பலகையை நோக்கி அழுந்தும், லேமினேஷனும் சுருக்கம் விழாது. அழுக்குக்குப் பயந்தால் மேலே ஒரு செய்தித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். குழாய்க்குக் காசு கொடுக்க வேண்டாம். பிளக்ஸ் ரோலின் நடுவில் வரும் அட்டைக் குழல் கடையிலேயே கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஏ0-வை நீள வாக்கில் உருட்டினால் 84 செ.மீ., 90 செ.மீ. குழல் போதும். உள்ளே செருகுவதைவிடக் குழலின் மேல் சுற்றி, வெளியே பாலித்தீன் உறை போட்டு, இரண்டு முனையையும் டேப்பால் மூடுவது நல்லது. உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் சுவரோரம் வைத்தால் சிதம்பரம் தாண்டியும் பத்திரமாக இருக்கும். சீட்டுக்கு அடியில் வைத்தால் ராத்திரி யார் பெட்டி அதன் மேல் நகரும் என்று சொல்ல முடியாது.

பலகை எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. துணி ஒட்டிய பலகை என்றால் குண்டூசி, தெர்மோகோல் என்றாலும் குண்டூசி. வழுவழுப்பான லேமினேட் பலகை என்றால் ஊசி இறங்காது, டபுள் டேப்தான். எனவே இரண்டும் பையில் இருக்கட்டும்: தலை பெருத்த ஊசி இருபது, ஒரு இன்ச் அகல டபுள் டேப் ஒரு ரோல், சின்னக் கத்தரிக்கோல். செலோ டேப் ஏசிக் குளிரில் பிளக்ஸின் எடையைத் தாங்காமல் மெதுவாக இறங்கும். பத்து மணிக்கு ஒட்டியது பதினோரு மணிக்குத் தரையில் இருக்கும். டேப்பை மேல் ஓரம் முழுக்க ஒரே பட்டையாக ஒட்டுங்கள், மூலைக்கு ஒரு துண்டு போதாது. போஸ்டரின் மேல் விளிம்பு பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தால் வரைபடம் படிப்பவரின் கண்மட்டத்துக்கு வரும்.

கையில் கொடுக்க ஏ4-இல் சுருக்கிய பிரதி இருபது போதும். அதன் பின்பக்கம் வெறுமனே கிடக்கிறது. அதில் ஒரு தமிழ்ச் சுருக்கம் போட்டால் ஊருக்குத் திரும்பியபின் குழாய் புதைக்க வயல் கொடுத்தவருக்கும் ஒன்று கொடுக்கலாம்.

பில்லைப் பள்ளியின் பெயருக்குக் கேட்டு வாங்குங்கள். அளவு, தாள் வகை, எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'பேனர் 1' என்று மட்டும் எழுதிய சீட்டைக் காட்டினால், அறிவியல் மாநாட்டுக்கு எதற்குப் பேனர் என்று பள்ளி அலுவலகத்தில் திருப்பிக் கேட்பார்கள்.